செக்கடித் தெருவின் இரண்டாவது விடை

எங்கள் ஊரில் ஒவ்வொரு தெருவும் நாளுக்கு ஒரு முறை தரைமட்டத்துக்கு நான்கு மீட்டர் மேலே ஏறி, நான்கு மீட்டர் கீழே இறங்கும். எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதைத் தெருவின் கட்டக் கோணம், அதாவது நண்பகலில் தெரு தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்ற பாகை, சொல்லும். அது குடும்ப அட்டையில் கதவு எண்ணுக்குக் கீழே அச்சாகியிருக்கும். நான்கு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குடிநீர்க் குழாய் மட்டும் அசையாது. ஆகவே தெரு அடிமட்டத்தில் இருக்கும் நேரம் பார்த்து நகராட்சி வால்வைத் திறக்கும்.

செக்கடித் தெருவுக்குப் பதினொரு ஆண்டுகளாகத் தண்ணீர் இல்லை. அப்போது ஒரு நண்பகலில் நகராட்சி அந்தத் தெருவை அளந்தபோது அது தரைக்கு இரண்டு மீட்டர் கீழே இருந்தது. நாலு சைன் கோணம் சமம் மைனஸ் இரண்டு என்று கணித மென்பொருளில் போட்டார்கள். மைனஸ் முப்பது பாகை என்று விடை வந்தது. அதன்படி தெரு காலை எட்டு மணிக்கு அடிமட்டத்தில் இருக்கும். தினமும் எட்டு மணிக்கு வால்வு திறந்தது. ஆனால் தெரு தரைக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் நின்றது. குழாயில் காற்று வந்தது. மக்கள் ஏணி வைத்து இறங்கி, பக்கத்துத் தெருவில் பிடித்து வந்தார்கள்.

தண்ணீர் எடுக்காத தெருவின் இணைப்பை வெள்ளிக்கிழமை துண்டிப்பதாக நோட்டீஸ் வந்தது. வியாழன் காலை எட்டு மணிக்கு, இட்லிமாவுக் கடை நடத்தும் சண்பகவல்லி, உதவிப் பொறியாளர் கருணாநந்தத்தை வரவழைத்தார். நானும் செய்திக்காகப் போயிருந்தேன்.

பொறியாளர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "கணக்குப்படி இப்போ நீங்க எனக்குக் கீழே இருக்கீங்கம்மா."

"அப்போ குனிஞ்சு பேசுங்க சார்."

கண்ணால் கண்டது கோப்பில் ஏறாது. சண்பகவல்லி ஏணியில் இறங்கி, பொறியாளரையும் கூட்டிக்கொண்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். கணினி எழுத்தர் எஸ்தர் பழைய கணக்கைத் திறந்தார்.

"சைனுக்கு எப்பவும் ரெண்டு வீடுக்கா. இது பெரிய வீட்டு அட்ரஸை மட்டும்தான் சொல்லும்."

"சின்ன வீட்டையும் தட்டிப் பாரு தாயி."

எஸ்தர் ஒரு முழுச் சுற்றுக்கும் எல்லா விடைகளையும் கேட்டார். மென்பொருள் சற்றுத் தயங்கி, இருநூற்றுப் பத்து என்றும் ஒப்புக்கொண்டது.

"படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு" என்றார் பொறியாளர்.

"மைனஸ் முப்பதுன்னா நண்பகல்ல தெரு ஏறணும். இருநூத்திப் பத்துன்னா இறங்கணும். போய்ப் பார்த்துடலாம் சார்" என்றார் எஸ்தர்.

பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில், நகராட்சியின் அசையாத சுவரில், தெருவின் மட்டத்தை எஸ்தர் சாக்பீசால் குறித்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி குறித்தார். இரண்டாவது கோடு நாலு விரற்கடை கீழே இருந்தது. பொறியாளர் தன் விரல்களை வைத்தும் பார்த்தார். பிறகு மைனஸ் முப்பதை அடித்து, இருநூற்றுப் பத்து என்று எழுதி, கையெழுத்திட்டார்.

மாலை நான்கு மணிக்கு வால்வு திறந்தது. முதலில் பதினொரு ஆண்டுக் காற்று வந்தது. பின்னால் தண்ணீர் வந்தது. தெருவே சரவெடி கொளுத்தியது. சண்பகவல்லி முதல் குடத்தோடு ஏணியில் ஏறி, மேலே நின்ற பொறியாளர் தலையில் கவிழ்த்தார். "இப்போதான் சார் நாங்க உங்களுக்குக் கீழே" என்றார். அவர் துடைத்துக்கொள்ளாமல் சிரித்தார். வெள்ளிக்கிழமை இணைப்பைத் துண்டிக்க யாரும் வரவில்லை. எங்கள் பத்திரிகையில் படத்தோடு முதல் பக்கம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நகராட்சிக்கு ஒரு மனு வந்தது. அனுப்புநர்: பொதுமக்கள், செக்கடித் தெரு, மைனஸ் முப்பது பாகை. பதினொரு ஆண்டுகளாகக் காலை எட்டு மணிக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த தண்ணீர் திடீரென்று நின்றுவிட்டதாம். நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள்; அவர்களில் ஒருவர்கூட சண்பகவல்லியின் தெருக்காரர் இல்லை. எஸ்தர் வரிசை எண் போட்டு வாங்கிக்கொண்டார்.