எம்பிராய்டரி மெஷினுக்கு மட்டும் பழைய பூட்டு

எம்பிராய்டரி மெஷினின் சின்னத் திரையில் காலையிலிருந்து ஒரே பல்லவி: "இணைக்க முடியவில்லை." வைஃபை வழியாக டிசைன் வந்தால்தான் அது தைக்கும். மூத்த மருமகள் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். போனில் வைஃபை ஜோராக வந்தது. மாடியில் ஓரகத்தியின் லேப்டாப்பிலும் வந்தது. தன் பிழைப்புக்கான மெஷின் மட்டும் எப்படிப் படுத்துக்கொள்ளும்?

சந்தேகப்படக் காரணம் இருந்தது. ஓரகத்தி நெட்வொர்க்கிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்று முந்தின நாள்தான் கதவை அறைந்து சாத்தியிருந்தாள். அப்புறம் ரவுட்டரையும் நோண்டிக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் நேரே மாடிக்குப் போனாள். "சத்தம் பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாமே. மெஷினை எதுக்கு நிறுத்தினே?"

சின்னவள் திருதிருவென்று விழித்தாள். "நான் எங்கேக்கா நிறுத்தினேன்? வைஃபையை WPA3-க்கு மாத்தினேன். அதான் புது பூட்டு. உங்க மெஷினுக்கு WPA2 வரைக்கும்தான் தெரியும் போல. மறந்தே போச்சு. இருங்க, மெஷினுக்குன்னு பழைய பூட்டோட தனி வைஃபை போட்டுத் தர்றேன்."

"உங்களுக்கெல்லாம் புதுசு, எனக்கு மட்டும் பழசா?"

"அதுக்கும் முந்தி WEP-ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதுதான் ஓட்டை. WPA2 நல்ல பூட்டுதான். பாஸ்வேர்டு மட்டும் நல்லா இருக்கணும்."

"அப்படியா? நானே பாஸ்வேர்டு போடறேன். நீ உடைச்சுக் காட்டு பார்ப்போம்."

சின்னவள் தனி வைஃபையைப் போட்டதும், அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மூத்தவள் அதற்குப் பாஸ்வேர்டைத் தட்டினாள். சின்னவள் லேப்டாப்பில் குட்டி ஆன்டெனாவைச் செருகிக்கொண்டாள். மெஷினை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். இருவரும் டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் பாஸ்வேர்டு வந்து நின்றது. மூத்தவளின் மகள் பேரும் பிறந்த வருஷமும்.

மூத்தவளுக்கு முகம் சுண்டிப்போனது. "எம்பொண்ணு பேரு உனக்குத் தெரியும். ஊகிச்சிருப்பே."

"லேப்டாப்புக்கு நான் ஒண்ணுமே சொல்லலைக்கா. மெஷினும் ரவுட்டரும் முதல்ல ஒண்ணையொண்ணு சரிபார்த்துக்கும். அந்தப் பேச்சை மட்டும் பிடிச்சேன். அப்புறம் லேப்டாப் இருக்கற பேரையெல்லாம் வருஷத்தோட கோத்து, பொருந்துதான்னு தானே பார்த்துக்குச்சு. ரவுட்டரை அது ஒருதடவைகூடக் கேட்கலை." பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அட, இதான் விஷயமா! WPA3-ல ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டர்கிட்டயே வந்து கேட்டாகணும். புஸ்தகத்துல எத்தனை தடவை படிச்சும் மண்டையில ஏறலையே!"

மூத்தவள் இந்தத் தடவை சம்பந்தமே இல்லாத வார்த்தைகளாகக் கோத்து நீளமாக ஒன்று போட்டாள். சாயங்காலம் வரை லேப்டாப் முக்கி முனகியும் ஒன்றும் நடக்கவில்லை.

"இப்ப நம்பறீங்களா?"

"இந்தப் பாஸ்வேர்டைத் தெரிஞ்சுக்க உனக்கு வேற வழியே இல்லையா?"

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "இருக்குக்கா. ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்தா எனக்குத் தெரியும். ஆனா பார்க்க மாட்டேன்."

மூத்தவள் அவள் முகத்தையே பார்த்தாள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இருந்தாலும், "அப்போ ரவுட்டரைத் திறக்கற பாஸ்வேர்டையும் நானே மாத்திக்கறேன்" என்றாள். சின்னவள் சிரித்துவிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பரீட்சையில் சின்னவள் தேறிவிட்டாள். பழைய கருவி இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்று ஒரு கேள்வியே வந்ததாம். அடுத்த பரீட்சைக்காக ரவுட்டரைத் திறக்க வேண்டியிருந்தபோது கீழே வந்து, "அக்கா, கொஞ்சம் சாவி குடுங்களேன்" என்று கேட்டாள்.

மூத்தவள் மெஷினை நிறுத்திவிட்டு மாடியேறினாள். சின்னவளைத் திரும்பி நிற்கச் சொல்லாமலே பாஸ்வேர்டைத் தட்டினாள். பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ம், செய். எதை மாத்தறேன்னு சொல்லிச் சொல்லி மாத்து."