சாம்பல் கூரை

மதியத் தூக்கத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள், மழலையர் பள்ளி நடத்தும் டீச்சர். இருந்தது ஒரே அறை. ஒருவர் கால்மேல் ஒருவர் தலை வைத்துக் கிடந்தார்கள் பிள்ளைகள். பின்பக்கம் புது அறை எழும்பிவிட்டது. அடுத்த வாரம் அங்கே போய்விடலாம் என்ற நினைப்பே அவளுக்குப் பாதிக் களைப்பைப் போக்கியது.

அறையைக் கட்டியவள் அவள் தங்கை. அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் காரக் கரைசலில் பிசைந்து, ஒரு பிடி சிமெண்ட்கூடச் சேர்க்காமல் கான்கிரீட் செய்யும் பட்டறையில் பொறியாளர். சிமெண்ட் சுடுகிற புகையும் குறையும், ஏரியில் கொட்டும் கழிவும் குறையும் என்பாள்.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த லாரி ஓட்டுநர் காதில் இது விழுந்தது.

"சாம்பலா? அதைத் தினமும் ஏரியில கொட்டறவனே நான்தான் டீச்சர். காத்தடிச்சா பறக்கும். அதுக்கடியிலயா என் பொண்ணைப் படுக்க வைப்பீங்க?"

"அது கல்லா இறுகிடுதுண்ணே. நாளைக்குக் கூரை மேல மணல் மூட்டை அடுக்கிச் சோதிக்கப்போறோம். வந்து பாருங்க."

"என்னத்தப் பார்க்க? இடிஞ்சு விழறதையா?"

அவர் கெட்டவர் அல்ல. ஒற்றைப் பெண்ணைப் பெற்றவர், பயந்துவிட்டார். ஆனால் தெருவைச் சுற்றி வருவதற்குள் அந்தப் பயத்துக்குக் கண், காது, மூக்கெல்லாம் முளைத்துவிட்டது. விஷச் சாம்பலாம். கூரையில் இப்போதே விரிசலாம்.

மறுநாள் கூரை அத்தனை மூட்டைகளையும் தாங்கி அசையாமல் நின்றது. பார்க்க ஒருவரும் வரவில்லை. வாரக் கடைசிக்குள் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அந்த அறை இருக்கும்வரை அனுப்பமாட்டோம் என்று மீதிப் பெற்றோரும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"நல்லா இருக்கிற கூரை, அக்கா. இடிக்கத்தான் வேணுமா?"

"எனக்கென்ன ஆசையாடி? பிள்ளைங்களே இல்லாத பள்ளிக்கூடத்துல கூரையை வச்சு நான் என்ன பண்ண?"

இடிக்க வந்தவர்கள் திணறிப்போனார்கள். சம்மட்டி போட்ட வேகத்தில் திரும்பி வந்தது. "என்னம்மா, பாறையை வச்சா கட்டுனீங்க?" என்று கையை உதறினான் ஒருவன். கடைசியில் உடைக்கும் மெஷின் வந்துதான் கூரை இறங்கியது. தங்கை அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் திரும்பி நின்றாள்.

இடிபாட்டை அள்ள வந்த லாரி அந்த ஓட்டுநருடையது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் ஓங்கி எறிந்தார். உடையவில்லை. மறுபடி எறிந்தார்.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க டீச்சர். மிச்சத்தையாவது..."

"மிச்சம்னு என்னண்ணே இருக்கு?"

ஓட்டுநர் குனிந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டார்.

"பயந்தது தப்பில்ல டீச்சர். வந்து பாருன்னு கூப்பிட்டும் வராம, தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன் பாருங்க, அதான் தப்பு. தெரியாத ஒண்ணை நேர்ல பார்த்துத் தெரிஞ்சுக்காம யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதை இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?"