மூக்கு மாறிய டிங்கி

1

இந்தக் கதை ஒரு மனிதரின் முதுகிலிருந்து வந்தது. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குடைவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

படகுத்துறையில் ஒரு நண்பனுக்காகக் காத்திருந்தேன். (நண்பன் வரவில்லை. கதையிலும் வரமாட்டான். தேட வேண்டாம்.) அங்கே ஒரு வெள்ளை மோட்டார் படகின் பின்னால் ஒருவர் இடுப்பில் கைவைத்து, ஒரு ரப்பர் டிங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் அங்கே முன்பின் பார்க்காத இன்னொரு ஜோடியைக் கண்டால் எப்படி நிற்பார், அப்படி.

'என்ன சார் ஆச்சு?' என்று கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்டால் அது செய்தி. கேட்காமல் வீட்டுக்கு வந்தால் கதை. நான் வீட்டுக்கு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கடல் தன் ரகசியத்தை அன்று யாரிடமும்'

இதற்குமேல் எழுதவில்லை. கடலிடம் ரகசியம் இருப்பதாக எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர்களில் பாதிப்பேர் வாளித் தண்ணீருக்கே பயப்படுகிறவர்கள். (நான் இன்னொரு பாதி. நான் குவளைக்கும் பயப்படுவேன்.)

இரண்டாவது தொடக்கம் வறட்சியானது, ஆனால் உதவும். மோட்டார் படகின் பின்பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும். நீந்துகிறவர்கள் ஏறி இறங்குவதற்கான மேடை. நம் வசதிக்குப் பின்மேடை. அதன் குறுக்கே இரண்டு தாங்குகட்டைகளைத் திருகி, அவற்றின்மேல் டிங்கி என்கிற குட்டிப் படகை வைத்து, பட்டை போட்டு இறுக்குவார்கள். கரைக்குப் போய்வர அது வேண்டும்; கூடவே இழுத்துக்கொண்டு திரிய முடியாது.

இந்தப் படகில் ஒரு நுணுக்கம். பின்மேடையிலிருந்து உள்ளே போக இடது ஓரத்தில் இடுப்பளவு ஒரு கதவு. டிங்கியின் மூக்கு குறுகல், பின்பக்கம் அகலம். மூக்கு இடப்பக்கம் இருந்தால் கதவு முழுசாகத் திறக்கும். அகலப் பக்கம் அங்கே வந்துவிட்டால் கதவு ஒரு சாண் திறந்து நின்றுவிடும். கட்டைகளைக் கூட மூக்கு இடப்பக்கம் வருகிற மாதிரிதான் இழைத்துச் செய்திருக்கிறார்கள். திருப்பி வைத்தாலும் உட்காரும், ஆனால் ரப்பர் உரசும்.

நான் பார்த்த டிங்கி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அந்த முதுகு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

3

முதுகுக்கு ஒரு தொழில் வேண்டும். பல் டாக்டர் ஆக்கினேன். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே என்ன மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று வெளிச்சம் அடித்துப் பார்க்கிற ஆள். சந்தேகம் அவருக்குத் தொழில்தர்மம்.

படகை அவர் தனியாக வாங்கவில்லை. மனைவியின் தங்கை புருஷனோடு சேர்ந்து வாங்கினார். ஆக, இவர் பெரிய சகலை. அவர் சின்ன சகலை, லிஃப்ட் மெக்கானிக்.*

வாங்கியதற்குக் காரணம் கடல் ஆசை அல்ல. அக்காவும் தங்கையும் பல வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. என்ன காரணம் என்று இருவருக்கும் இப்போது சரியாக ஞாபகமில்லை. யார் முதலில் நிறுத்தியது என்பது மட்டும் துல்லியமாக ஞாபகமிருக்கிறது. ஒரு படகில் ஏற்றி நடுத்தண்ணீரில் நிறுத்தினால் எழுந்து போக இடமிருக்காது என்று சகலைகள் இருவரும் யோசித்தார்கள். பலித்துவிட்டது. இப்போது ஞாயிறுதோறும் நான்கு பேரும் போகிறார்கள்.

அதனால் பெரிய சகலை இனி செய்யப்போகிற எதிலும் அந்த ஞாயிறுகள் பணயமாக இருக்கின்றன. இதை அவரைவிட நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அடிக்கடி மறப்பார்.

* இரண்டு சகலைகள் உண்மையிலேயே நண்பர்களாக இருக்க முடியுமா என்று என் அறைத்தோழன் கேட்டான். முடியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இது புனைவு.

4

பெரிய சகலையின் மூளை இப்படி ஓடியது.

ஞாயிறு மாலை டிங்கியை நான் சரியாக வைத்துப் பூட்டை, இல்லை, பட்டையை இறுக்கிவிட்டுப் போகிறேன். (பூட்டு பிறகுதான் வரும். அவசரப்பட்டுவிட்டேன்.) அடுத்து வந்து பார்த்தால் மூக்கு மாறியிருக்கிறது. ஆக, நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆளால் அதைத் தண்ணீரிலிருந்து ஏற்ற முடியாது. ஆக, இரண்டு பேர். துறைக்கதவைத் திறக்கும் எண் தெரிந்தவர்கள். ஆக, சின்ன சகலை. கூட இன்னொருத்தர். யார் அந்த இன்னொருத்தர்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக டிங்கியின் அடியில், ஈர மூலையில், ஒரு ஹேர் கிளிப் கிடந்தது.

அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதை மனைவியிடம் சொன்னால் அவள் தங்கையிடம் சொல்வாள். தங்கை புருஷனைக் கிழிப்பாள். பிறகு 'உங்க வீட்டு ஆள்தானே மூட்டிவிட்டது' என்று அக்காவையும் கிழிப்பாள். ஞாயிறுகள் முடிந்துவிடும்.

சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பிட்டு முடித்தபின் கிளிப்பை மேசையில் வைத்தார்.

"இது யாரோடதா இருக்கும்?"

மனைவி பார்த்தாள். நூலகத்தில் வேலை, கொண்டுபோன புத்தகத்தை யார் நனைத்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவள்.

"எங்க கிடைச்சுது?"

"கிளினிக்ல. யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க."

"இதே மாதிரி என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு."

"இந்த மாதிரி ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கும்."

"இருக்கும்," என்றாள். எடுத்துத் தன் கொண்டையிலேயே குத்திக்கொண்டாள். "யாரோடதா இருந்தா என்ன. நல்லாத்தான இருக்கு."

[இந்த இடத்தில் நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். நானும். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அந்த மனிதர் கண்டுபிடிக்கவில்லை. அவர் பார்ப்பது பல்லை மட்டும்தான். என்னை உறுத்துவது வேறு: கிளினிக்கில் கிடைத்தது என்று அவர் புளுகியது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் எடுக்கப் போய்விட்டாள். எழுதிய எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது அப்போதுதான்.]

5

ஞாயிறு. படகு துறையை விட்டு வெளியே நின்றது. மனைவி வழக்கம்போல மிதவைச் சட்டை மாட்டி, படகின் நட்டநடுவில், கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். நீச்சல் தெரியாது. இது பெரிய சகலைக்குத் தெரிந்த தகவல்.

"சகலை," என்றார். "டிங்கியோட மூக்கு எந்தப் பக்கம் இருக்கணும்?"

சின்ன சகலை ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினார். "பரீட்சையாண்ணே?"

"சும்மா கேக்குறேன்."

"முன்பக்கம்."

"மேடையில வைக்கும்போது."

"அது நீங்க வைக்கிற பக்கம்ணே. நான் தொட்டாத்தான் நீங்க மறுபடி அவுத்துக் கட்டுவீங்களே. நான் தொடுறதையே விட்டுட்டேன்."

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய சகலை அந்தப் பதிலை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுபோல எல்லாப் பக்கமும் பார்த்தார். குற்றவாளி இவ்வளவு சாதாரணமாக ஆப்பிள் தின்பானா? தின்பான். அதுதான் சாமர்த்தியம். (பாருங்கள், இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆப்பிளைக் கீழே போட்டிருந்தால் அதுவும் சாட்சியாகியிருக்கும்.)

ஒரு விஷயம் மட்டும் அவர் யோசிக்கவில்லை. படகுச் சாவி சின்ன சகலையிடமும் உண்டு. சாவி இருக்கிறவன் கதவை மறித்து டிங்கியை வைக்கமாட்டான். கதவே வேண்டாதவர்கள், சாவி இல்லாதவர்கள், துறையிலிருந்து நேராகப் பின்மேடையில் கால்வைத்து இறங்குகிறவர்கள்தான் அப்படி வைப்பார்கள். துறை வலப்பக்கம். அங்கே நின்று மூக்கைப் பிடித்து இழுத்தால் மூக்கு வலப்பக்கம்தான் வரும்.

அவர் இதை யோசித்திருந்தால் நான் கதையை இங்கேயே முடித்திருப்பேன். அவர் ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கினார்.

6

புதன்கிழமை நூலகம் அரைநாள். தங்கை வேலை பார்க்கிற மருந்துக்கடையில் அன்றைக்கு அவளுக்கு ஷிஃப்ட் கிடையாது. பெரிய சகலைக்கு இதெல்லாம் தெரியாது. அவர் புதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றைக்கு ஒரே ஒரு வேர் சிகிச்சை, அதையும் தள்ளிப்போட்டுவிடலாம்.

டிங்கியைப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். படகுக்குள் போய் இடுப்பளவுக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, மேலே கேன்வாஸ் திரையை இறக்கிவிட்டுக்கொண்டார். தாழ்ப்பாள் காதுக்கு அருகில் இருந்தது. முழங்கால் தாடையில் இடித்தது. சகலை வருவான், கூட அந்தக் கிளிப்காரி வருவாள், பூட்டைப் பார்ப்பார்கள், பேசுவார்கள். கேட்டால் போதும்.

பின்மேடை லேசாக அமிழ்ந்தது. ஒரு கால். இன்னொரு கால். பிறகு வேறு இரண்டு.

"அக்கா. பூட்டு."

"தெரியுது."

"அத்தான் வேலையா?"

"உன் வீட்டுக்காரர் பூட்டு வாங்குனா சாவியை அதுலயே தொங்கவிட்டிருப்பாரு."

பெரிய சகலை சட்டைப்பையில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பேசாம சொல்லிடேன்க்கா. நீச்சல் கத்துக்கிறதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யாரு சொன்னா? சொன்னா கத்துக்குடுக்க வந்துடுவாரு."

தங்கை சங்கிலியை இழுத்துப் பார்த்தாள்.

"பல்லு தேய்க்கவே இத்தனை வருஷமா கத்துக்குடுக்குறாரு," என்றாள் அக்கா. "இன்னும் நான் பாஸாகல."

தங்கை சிரித்துவிட்டாள். அக்காவும். பிறகு குரல்கள் தாழ்ந்தன. கொஞ்ச நேரம் கிசுகிசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். இடையில் ஒருமுறை 'கிளிப்' என்று கேட்டது. திரைக்குப் பின்னால் அவருக்கு மிச்சம் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. எழுதப்போவதில்லை.

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் இருமிவிட்டு வெளியே வருகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். கிழித்துப் போட்டேன். பெண்டாட்டியை உளவு பார்க்கத் தரையில் மடங்கி உட்கார்ந்திருந்த ஆளைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை.

அவர்கள் போனபின் அவர் பூட்டைக் கழற்றிவிடுகிறார். அழகாக இருந்தது. ஆனால் பூட்டு போய்விட்டால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். பூட்டு இருந்தால் நீச்சல் நின்றுவிடும். சங்கிலியை மாட்டுவது சுலபம். கழற்றுவதற்குத்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே அவர்கள் என்னைக் கேட்காமலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னிக்கு விட்டுடலாம்க்கா. டிங்கி இல்லாம பிடிச்சுக்க ஒண்ணும் இல்ல."

"போன வாரம் நீ கையை விட்டப்ப மிதந்தேன்ல?"

"ஒரு மூச்சு மிதந்தே."

"இங்கேயே இறங்குறேன்."

"இங்க ஆழம்க்கா. அக்கா, ஏய், இரு"

தண்ணீர் சத்தம். மேடை லேசாக மேலே எழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

தங்கையும் பேசவில்லை. பேசாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அக்கா மிதக்கிறாள், பேசினால் கலைந்துவிடும் என்று பேசாமல் இருக்கலாம். இல்லை, வாய் அடைத்துப்போய் நிற்கலாம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது: கிளிப் மேசைக்கு வந்த அன்றிலிருந்தே அக்காவுக்கு எல்லாம் தெரியும், திரைக்குப் பின்னால் மூச்சுவிடுவது யார் என்று மேடையில் கால்வைத்ததுமே தெரியும், அந்தக் கிசுகிசுப்பில் ஏற்பாடு ஆகிவிட்டது, இப்போது இருவரும் அவர் வெளியே பாய்ந்து வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். அப்படியும் இருக்கலாம். இந்தக் குடும்பத்தில் நான் யாரையும் நம்பவில்லை.

பெரிய சகலையின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. டிங்கியின் மூக்கு சரியான பக்கம்தான் இருக்கிறது, கதவு முழுசாகத் திறக்கும், அந்தச் சாக்கும் அவருக்கு இல்லை.

திறந்தால், அவள் மிதந்துகொண்டிருக்கலாம். அவரைப் பார்த்த அந்த நொடியோடு அது முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு மிதவைச் சட்டையோடு நடுவில் உட்கார்ந்து, அவர் சொல்லிக்கொடுப்பதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். திறக்காவிட்டால், அவள் மிதக்காமல் இருக்கலாம்.

அவர் தாழ்ப்பாளை

இல்லை, இதை நான் எழுதமாட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, கல்யாணமும் ஆகவில்லை. உங்களுக்கு இரண்டில் ஒன்றாவது தெரிந்திருக்கும். என் கையை எடுத்துவிட்டேன். தாழ்ப்பாளில் இப்போது இருப்பது அவர் கையும் உங்கள் கையும்தான்.

சீக்கிரம் முடிவு செய்யுங்கள். வெளியே இன்னும் சத்தம் வரவில்லை.