உரிக்காமல் விட்டது

“பாத்துங்க, ஒரு திருகாணி கீழே விழுந்தா வீட்டையே பெருக்கணும்,” என்றாள் பெரியவள், கணவரிடம்.

“மூக்குக்கண்ணாடியில இருக்கிற திருகாணியைப் பாத்திருக்கியா நீ? கடுகு! அதையே கண்ணை மூடிக்கிட்டு மாட்டுறவன் நான்.”

பெருமை இருந்ததே தவிர அதில் பொய் இல்லை. கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துவதுதான் அவர் வேலை. அதனால்தான் மனைவியின் தங்கை, “கம்ப்யூட்டர் அடுப்பு மாதிரி கொதிக்குது அத்தான், கடையில குடுத்துடட்டுமா?” என்று கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நான் ஒருத்தன் வீட்டுல எதுக்கு இருக்கேன்?”

சின்னவள் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். காகிதத்தில் கோடுகளாக இருக்கும் வீட்டை, சுவரும் ஜன்னலும் வெயிலுமாக நிஜ வீடு போலக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் வேலை அவளுக்கு. புதிதாகக் கிடைத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை.

“இங்க பாரு சின்னவளே, இந்தச் சதுரம்தான் மூளை. இது மேல உக்கார்ற செம்புக் கட்டை சூட்டை உறிஞ்சி ஃபேனுக்குத் தள்ளிவிடும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இல்லாம ஒட்டிக்கத்தான் இந்தப் பேஸ்ட். பழசு காஞ்சு பொருக்குத் தட்டிடுச்சு. அப்புறம் சூடு எப்படிப் போகும்?”

லென்ஸ் துடைக்கும் துணியால் பழைய பேஸ்ட்டைத் துடைத்தார். ஃபேனும் கட்டையுமாகப் புதிது ஒன்று வாங்கி வந்திருந்தார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது அந்தச் செம்பு. பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, நாலு மூலையும் சமமாக முடுக்கி, “இனிமே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும் பாரு,” என்றார்.

இருக்கவில்லை. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் இரைச்சல் போட்டாலும் வேலையை முடித்துவிடும். இப்போதோ, படத்துக்கு வெளிச்சம் கொடுக்க ஆரம்பித்ததுமே திரை கறுத்து அணைந்துபோனது. மறுபடி போட்டால் மறுபடி அணைந்தது.

“நீ அதைப் போட்டு அடிச்சு ஓட்டுறே,” என்றார் அத்தான். “பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். மனுஷனுக்கே மூச்சு முட்டும்.”

“பாட்டை எல்லாம் நிறுத்திட்டேன் அத்தான்.”

“அப்ப ஏற்கெனவே கெடுத்து வெச்சிருக்கே.”

அதோடு விட்டிருக்கலாம். வேலை கொடுத்த இஞ்சினியரம்மா போன் செய்து, ஏன் தாமதம் என்று கேட்டபோது, சின்னவள் திணறுவதைப் பார்த்து அத்தானே போனை வாங்கிக்கொண்டார்.

“மெஷின்ல ஒரு குறையும் இல்லைங்க மேடம். நானே பிரிச்சு மாட்டியிருக்கேன். பொண்ணுக்குத்தான் கையாளத் தெரியலை.”

“அப்படிங்களா,” என்றது அந்தக் குரல். “வீட்டுக்காரங்க நாளைக்குக் காலையில படம் பாக்க வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளை வெச்சுக்கறேன். கையாளத் தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சின்னவள் அழவில்லை. “ஸாரி அத்தான். நீங்க இவ்வளவு மெனக்கெட்டும் நான் கெடுத்துட்டேன்,” என்றாள்.

“சரி, விடு,” என்று பெருந்தன்மையாகச் சொன்னார் அவர்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பெரியவள் டிவி ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு அமுக்கினாலும் கேக்க மாட்டேங்குது. இந்தப் பிளாஸ்டிக் தாளை உரிச்சாத்தான் என்ன?”

“உரிக்காதே! புதுசா இருக்கட்டும்.”

“ஃபிரிட்ஜ் கைப்பிடியில தாள், வாஷிங் மெஷின் மூடியில தாள். இன்னும் என் தலையிலதான் ஒட்டலை. கடைக்கு வர்றவங்க கண்ணாடியையும் ஒட்டுத்தாளோடதானே குடுக்கறீங்க?”

“வாங்குறவங்க கையால உரிச்சாத்தான் அவங்களுக்குப் புதுசுன்னு ஒரு திருப்தி.”

“நல்ல திருப்தி! நடுவுல தாள் நின்னா, அமுக்குறது உள்ளே எப்படிப் போய்ச் சேரும்?”

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் அப்படியே நின்றது.

செம்புக் கட்டை. அதன் பளபளப்பு. அதன் மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள், ஓரத்தில் பிடித்து இழுக்கச் சின்னச் சிவப்பு வால். பார்க்காமலா மாட்டினார்? நன்றாகப் பார்த்தார். ஒரு பக்கம் குமிழ் விட்டிருந்ததைக் கட்டை விரலால் நீவிக்கூட விட்டார். செம்பு கீறாமல் இருக்கட்டும் என்று.

காது மடல்வரை சூடேறியது.

யாரும் பார்க்காமல் கழற்றி உரித்துவிட்டால் போதும். ‘ஒரு ஒயர் தளர்ந்திருந்தது’ என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டைப்பையில் திருப்புளியைப் போட்டுக்கொண்டு சின்னவளின் அறைக்குப் போனார். அவள் போனில் எதையோ தட்டிக்கொண்டே கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அக்கா, ‘கம்ப்யூட்டரைச் சரியாக வைத்துக்கொள்ளாதது என் தவறு, இந்த வேலையை என்னால் முடிக்க இயலாது’ன்னு போட்டா சரியா இருக்குமா?”

“அனுப்பாதே,” என்றார் அவர்.

“ஏன் அத்தான்?”

“இன்னொரு தரம் பிரிச்சுப் பாக்கறேன். நீயும் அக்காவும் வெளியே போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்களேன்.”

“இல்ல அத்தான், நான் கூடவே இருக்கேன். கத்துக்கிட்டா இனிமேலாவது ஒழுங்கா வெச்சுக்குவேன்ல?”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவரின் விரலிலிருந்து பெட்டி மூடியின் திருகாணி நழுவி மேஜைக்கடியில் உருண்டது. வாசலில் வந்து நின்ற பெரியவள், “கடுகு!” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கட்டையைக் கழற்றித் திருப்பினார். பேஸ்ட் அழகாக, வட்டமாகப் பரவியிருந்தது, தாளின் மேல். அவருக்குக் கை வரவில்லை. சின்னவள்தான் குனிந்து சிவப்பு வாலைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வந்தது.

“இது என்ன அத்தான்?”

“தாள்.”

“உரிச்சிருக்கணுமா?”

“ம்.”

“மாட்டும்போது கண்ணுல படலையா?”

“பட்டுச்சு. புதுசா இருக்கட்டும்னு...”

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவள் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான் காரணம்னு எப்பத் தெரிஞ்சுது?”

“இப்பத்தான். அக்கா ரிமோட்டைச் சொன்னப்போ.”

“அப்புறம்தான் எங்களை டீ குடிக்கப் போகச் சொன்னீங்களா?”

அவர் லென்ஸ் துணியை எடுத்துச் செம்பைத் துடைத்தார். மறுபடி பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து முடுக்கினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் படம் சுவர் சுவராக எழும்பியது. சமையலறை ஜன்னலில் வெயில் விழுந்தது. திரை அணையவில்லை.

சின்னவள் போனை எடுத்து எண்ணைத் தட்டி அவரிடம் நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க.”

“நீ சொல்லேன். மெஷின் சரியாயிடுச்சுன்னு...”

“கையாளத் தெரியலைன்னு சொன்னது நீங்கதானே.”

மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

“மேடம், நான் பொண்ணோட அத்தான் பேசறேன். காலையில பேசினேனே. பொண்ணு மேல தப்பில்லைங்க. நான் ஒரு தாளை உரிக்காம மாட்டிட்டேன்.”

“என்னது? தாளா?”

“செம்புக் கட்டையில இருக்கும். பிளாஸ்டிக் தாள். அது மேலேயே பேஸ்ட்டைத் தடவிட்டேன்.”

அதைக் கேட்ட பிறகு, “எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்களேன்,” என்று அந்தம்மா ஆபீஸில் யாரையோ கூப்பிடுவது கேட்டது. “இன்னொரு தடவை சொல்லுங்க சார்.”

சொன்னார். இந்த முறை கொஞ்சம் உரக்கவே சொன்னார். அந்தப் பக்கம் கொல்லென்று சிரித்தார்கள். அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை.

“கூடத்துப் படத்தை ஏற்கெனவே இன்னொரு பையன்கிட்ட குடுத்துட்டேன் சார். சமையலறையை மட்டும் அனுப்பச் சொல்லுங்க. மிச்சத்தை அப்புறம் பாக்கலாம்.”

போனைக் கொடுத்தார். சின்னவள் வாங்கி வைத்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபேன் மெல்ல, சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டை விரலில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பேஸ்ட் தேய்க்கத் தேய்க்க உள்ளங்கையெல்லாம் பரவியது.

“சூடு குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார்.

“குறைஞ்சிருக்கு,” என்றாள் அவள், திரும்பாமலே.

பேச்சுக்குப் பின்னால் வழக்கமான ‘அத்தான்’ வரும் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றுபார்த்தார். பிறகு மேஜைக்கடியில் குனிந்து, விழுந்த திருகாணியைத் தேட ஆரம்பித்தார்.