முன்னறைக்கும் பின்னறைக்கும் ஒரு ஒயர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பவர். புதியது வாங்க மனமில்லாதவர்கள், பழையதை விட மனமில்லாதவர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே, "ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பேரு. அப்புறம் எப்படி ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடும்?" என்றார். எனக்குப் பாதிக் கதை கிடைத்துவிட்டது. மீதிப் பாதி மூன்று மாதம் கழித்துக் கிடைத்தபோதுதான் வம்பு வந்தது. அதை உங்களிடம் சொல்லலாமா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. எழுதிக்கொண்டே போகிறேன், பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த காலையில் அந்த மூக்குக் கண்ணாடிக் கடையின் கதவு மெல்ல..."

(தூக்கிப் போட்டாயிற்று. அன்று மழையே இல்லை. கதையைத் தொடங்கத் தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் வழக்கம்.)

இரண்டாம் தொடக்கம்: "அவர் ஸ்க்ரூடிரைவரால் நெட்வொர்க் கார்டைத் திருகித் திருகி உள்ளே செலுத்தினார்."

இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பாடம் எடுத்தார். முதலில் மின்சார ஒயரைப் பிடுங்க வேண்டும். பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் வெறும் இரும்பை ஒருமுறை தொட வேண்டும்; உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பின்பக்கத் தகட்டை எடுத்துவிட்டு, கார்டின் பல்வரிசையைப் பள்ளத்துக்கு நேரே வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் ஒரே சீராக அழுத்த வேண்டும். உட்கார்ந்துவிட்டால் விரலுக்கே தெரியும். திருகுவதெல்லாம் கடைசியில் ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதுவும் பாதி நாள் தொலைந்துபோகும் என்றார்.

ஆக, ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு மனிதர்களிடம் வருகிறேன்.

3

அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்கு இரண்டு அறை. முன்னறையில் கடைக்காரம்மா. வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து எண் எழுதுவது அவர் வேலை. பின்னறையில் அவர் கணவர், கண்ணாடிச் சில்லைக் கல்லில் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவர். கல் சுற்றும் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இருபத்திரண்டு வருடமாக அந்த அம்மா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "என்னங்க, வலது ஒண்ணே கால்." உள்ளே இருப்பவருக்கு ஒண்ணே முக்கால் என்று கேட்கும். வாங்கிப் போனவர் மறுநாள் வந்து, தரை மேலே வருகிறது என்பார். அதனால் அம்மா அடுத்த தடவை இன்னும் சத்தமாகச் சொல்வார்.

இப்படியே போய்க் குரல் கிழிந்துவிட்டது. குரல் நாணில் முடிச்சு என்றார் டாக்டர். திங்கட்கிழமை முதல் தொண்ணூறு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மீறினால் கத்தி வைக்க வேண்டும். கத்தி வைத்தபின் குரல் இருக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

(சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கல் ஓடுவது தண்ணீரில். அவர் ஈரக்கையால் வாங்கியதும் சீட்டில் ஒன்று ஏழாகிவிடுமாம்.)

நல்ல வேளையாக அவர்களிடம் இரண்டு பழைய கணினிகள் இருந்தன. முன்னறையில் இருப்பது ரசீது போட. பின்னறையில் இருப்பது, கல் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அவர் பாட்டுக் கேட்க. இரண்டிலும் ஒரு நெட்வொர்க் கார்டைப் பொருத்தி ஒரு ஒயரால் இணைத்துவிட்டால் எண் தானாகப் போய்ச் சேரும். ஞாயிறு காலை என் வீட்டுக்காரரை வரச் சொன்னது அதற்குத்தான்.

4

இந்த இடத்தில் நான் ஒரு பிரமாதமான காட்சி எழுதி வைத்திருந்தேன். கார்டுகள் பொருந்திவிட்டன, கார்டை ஓட்டும் மென்பொருளை ஃபிளாப்பியிலிருந்து ஏற்றியாயிற்று, முன்னறைக் கணினி சொன்னபடி கேட்கிறது. பின்னறைக் கணினி மட்டும் முரண்டு பிடிக்கிறது. காரணம், பாட்டுக்கான சவுண்ட் கார்டும் புதிய கார்டும் ஒரே எண்ணுக்கு மல்லுக்கு நிற்கின்றன.* கடைக்காரர் ஒரு கணம் கண்ணை மூடுகிறார். தன் கையாலேயே சவுண்ட் கார்டைப் பிடுங்கி எறிகிறார். "எனக்குப் பாட்டு வேண்டாம். அவ குரல் போதும்." எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

* பழைய கணினியில் ஒவ்வொரு கார்டும் "கொஞ்சம் என்னைக் கவனி" என்று கணினியின் வேலைக்குக் குறுக்கே புகுந்து சொல்ல ஓர் எண் வேண்டும். இரண்டு கார்டு ஒரே எண்ணில் குறுக்கே புகுந்தால் இரண்டும் வேலை செய்யாது.

என் வீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பிடுங்கவெல்லாம் இல்ல. அஞ்சுல இருந்த ஜம்பரைப் பத்துக்கு மாத்தினேன். ரெண்டும் ஓடுது."

ஜம்பர் என்பது கார்டின் மேல் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடிக்கும் அரிசி மணி அளவு மூடி. அதை இடம் மாற்ற அரை நிமிடம் ஆகும். தியாகத்துக்கு அவசியமே இருக்கவில்லை. காட்சியைக் கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. அதனால்தான் உங்கள் கண்ணில் காட்டிவிட்டேன்.

5

எண் தகராறு தீர்ந்தும் இரண்டு கணினியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர். முன்னறை டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துத்தான் பின்னறையில் போட்டிருக்கிறார் யாரோ ஒரு புண்ணியவான். பெயரும் சேர்ந்தே போய்விட்டது.

என் வீட்டுக்காரர் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். திரையில் பெயர் அடிக்கும் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஒத்துக்கொள்ளாது. அந்த அம்மா ஒரு நிமிடம் கூச்சப்பட்டு நின்றுவிட்டு, பின்னறைக் கணினிக்கு ஆங்கில எழுத்தில் 'என்னங்க' என்று அடித்தாராம். கூப்பிட்டுப் பழகியது அதுதானே? கடைக்காரர் முன்னறைக்குப் போய், அங்கேயிருந்த கணினிக்கு 'இந்தாம்மா' என்று அடித்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு செய்தி அனுப்பும் கட்டத்தில், யாருக்கு என்று கேட்ட இடத்தில் அம்மா தன் கணவரைக் கூப்பிட்டார். பின்னறைத் திரையில் வந்து விழுந்தது: வலது ஒண்ணே கால். கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சரியாகப் படித்தார்.

என் வீட்டுக்காரர் சொன்ன கதை இங்கே முடிந்தது. எனக்கும் அப்போதே முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

6

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். முதல் பிரதியில் கடைக்காரரை ஒரு முசுடாக எழுதியிருந்தேன். எது கேட்டாலும் "ம்" என்பவர். இரண்டு மாதம் கழித்து என் கண்ணாடியை மாற்ற அந்தக் கடைக்கே போனேன். கதை எழுதுகிறேன் என்று சொன்னதும் அம்மா சிரித்துக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார்.

முதல் வாரச் செய்திகள் எல்லாம் வெறும் எண்கள். பிறகு கடைக்காரரிடமிருந்து, 'சாப்டியா'. பிறகு, 'பின்வாசல்ல ஒரு பூனை குட்டி போட்டிருக்கு, மூணு'. பிறகு செய்திகள் நீண்டுகொண்டே போயின. அப்பா கடையைத் தன் கையில் கொடுத்தபோது எவ்வளவு பயமாக இருந்தது, முதல் சில்லை எப்படி உடைத்தார், அதை மனைவியிடம் சொல்ல வந்து எப்படிச் சொல்லாமல் போனார். எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ், எழுத்துக்கு எழுத்து பிழை. நடுவில் ஒன்று: 'நேர்ல நான் பேச ஆரம்பிச்சா நீ முடிச்சிடுவ. இது என்னை முடிக்க விடுது.'

முசுடு என்று எழுதியதை அடித்துவிட்டேன். அந்த மனிதர் இருபத்திரண்டு வருடம் தன் முறைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

7

(இங்கேதான் அந்த வம்பு.)

நூற்று நான்காம் நாள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. யாரோ ஒரு பெண். குரல் கொஞ்சம் புதிதாக, புழங்காத பாத்திரம் போல இருந்தது. நெட்வொர்க் போய்விட்டது, உங்கள் வீட்டுக்காரரை உடனே அனுப்புங்கள் என்றது. எந்தக் கடை என்று கேட்டேன்.

"கண்ணாடிக் கடைதான்மா."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குத்தான் பேச்சு வரவில்லை. கணவர் சில்லு வாங்க வெளியே போயிருக்கிறார், அவர் திரும்பி வருவதற்குள் ஒயரைச் சரிசெய்ய வேண்டும் என்று அவசரப்படுத்தினார். குரல் எப்போது வந்தது என்று கேட்டேன். தொண்ணூறாம் நாளே டாக்டர் பேசச் சொல்லிவிட்டாராம். கணவரிடம் மட்டும், இன்னும் கொஞ்ச நாள் என்று எழுதிக் காட்டியிருக்கிறார்.

"ஏன்க்கா?"

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலம்மா. முடிச்சதும் பேசுறேன்."

என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். பெருக்கும்போது ஒயர் கழன்றிருக்கிறது. சொருகிவிட்டு வந்தார்.

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவர் சொல்லி முடிக்கிறார். அவள் பேசுகிறாள். (எவ்வளவு எளிது பாருங்கள். ஆனால் முடித்துவிட்டார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?)

இரண்டு: என் வீட்டுக்காரர் சொன்னது. "அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கிற? கல்லு ஓடாதப்ப அந்தம்மா போன்ல பேசினாக்கூட அந்த அறையில கேக்கும்." அப்படியானால் அவரும் தெரியாத மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. உண்மையா என்று தெரியாது.

மூன்று: ஒரு நாள் அவசரத்தில் அவள் வாயிலிருந்து...

(இதை எழுத எனக்கு உரிமையில்லை.)

அச்சில் கொடுக்கலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். கொடுக்கலாம், பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம், அவர் கதையெல்லாம் படிக்க மாட்டார் என்று எழுதிக் கொடுத்தார். அதனால் இந்த ரகசியம் இப்போது அவரைத் தவிர உங்கள் எல்லாருக்கும் தெரியும். முடிவும் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் எந்த ஊரில் கண்ணாடி மாற்றுவீர்கள் என்று எனக்கென்ன தெரியும்? முன்னறையில் ஒரு அம்மா வாய் திறக்காமல் உங்கள் கண்ணைச் சோதித்தால், குரலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிடாதீர்கள். பின்னறையில் கல் ஓடாமல் விசைப்பலகை தட்டும் சத்தம் வந்தால், கண்ணாடிக்கு அவசரப்படுத்த வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள்.