நாலு ஓட்டை

அறுபத்து நாலாம் வருடத்து ஸ்வீடன் சாப் காரைப் பழுது பார்த்து முடிக்க தோர்னி ஹெட்லண்டுக்கு நாலு வருடம் பிடித்தது. இன்டர்நெட் மட்டும் இல்லையென்றால் அது இன்றைக்கும் கோழிக்கூடாகத்தான் கிடந்திருக்கும், அதை அவரே ஒப்புக்கொள்வார். முன்கண்ணாடி போர்ச்சுக்கலில் கிடைத்தது. கதவு ரப்பரை ஃபின்லாந்திலிருந்து ரெய்யோ அனுப்பினார். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது, ஆனால் ஒரு இன்டர்நெட் குழுவில் தினம் பேசுவார்கள். பழைய சாப் பைத்தியம் பிடித்த மூவாயிரம் பேர் சேர்ந்த குழு அது. ஒரு திருகாணியைப் படம் எடுத்துப் போட்டால், காபி ஆறுவதற்குள் அது எந்த வருடத்துத் திருகாணி, அதை எவ்வளவு மடத்தனமாக மாட்டியிருக்கிறீர்கள் என்பது வரைக்கும் பதில் வந்துவிடும்.

முன்பெல்லாம் இப்படியா? எண்பத்தெட்டில் தன் முதல் காரைப் பிரித்தபோது, பழைய சொந்தக்காரர்களின் பட்டியலை வாகனப் பதிவேட்டில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார் தோர்னி. ஒரு போல்ட்டைப் பற்றிக் கேட்கப் போனால் மூன்று கோப்பை காபி, ஏழு வகைப் பலகாரம், மருமகளைப் பற்றிய புகார் எல்லாம் முடிந்துதான் போல்ட்டுக்கு வருவார்கள். இந்த முறையும் பட்டியல் வாங்கினார். முதல் சொந்தக்காரர் சிக்ஸ்டென் ஓலாண்டர், ஊர் வெட்லாண்டா. நாற்பது கிலோமீட்டர்தான். கண்காட்சியில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபைலில் சொருகினார். அந்த வீட்டுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

காருக்குள் ஸ்டியரிங்கின் இடது பக்கம், தரையில் நாலு போல்ட் போட்டு ஒரு இரும்புக் கைப்பிடி நின்றிருந்தது. அதன் அடியை ஒரு கம்பி கிளட்ச் மிதியோடு சேர்த்திருந்தது. வெல்டிங் கன்னாபின்னா என்று இருந்தது. தோர்னி படம் போட்டார். கம்பெனியிலிருந்து இப்படி வரவே இல்லை, எவனோ கைநாட்டு பார்த்த வேலை, அறுத்துத் தள்ளு என்று நாற்பத்தேழு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். அவரும் அறுத்தார். நாலு ஓட்டையையும் வெல்டு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, விரலால் தடவினாலும் தெரியாதபடி பச்சைப் பெயின்ட் அடித்தார். கைப்பிடி பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டது.

முடித்த காரின் படத்தைக் குழுவில் போட்டார். முந்நூறு பேர் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் செய்தி வந்தது.

"நான் குன்வோர், சிக்ஸ்டென் ஓலாண்டரோட மக. அப்பா வண்டி நம்பரை சும்மா தேடிப் பாத்தேன், உங்க படங்க வந்துச்சு. பழைய படத்துல அந்தக் கைப்பிடி இருக்கு. அம்மாவுக்கு இளம்பிள்ளை வாதத்துல இடது கால் போயிடுச்சு. அவங்க ஓட்டணும்னு அப்பா தன் கையால செஞ்சது அது. ஒரே ஒரு தடவை புடிச்சுப் பாக்கணும். சனிக்கிழமை வரலாமா?"

தோர்னி செய்தியை இரண்டு முறை படித்தார். நேராக ரெய்யோவை அழைத்தார்.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு," என்றார் ரெய்யோ. "படம் இருக்கு, அளவு இருக்கு. ரெண்டு நாள்ல அதே மாதிரி அடிச்சு அனுப்பறேன். துருகூட ஏத்தித் தர்றேன். அந்தம்மாவுக்கு எங்க தெரியப் போகுது?"

"அறுக்கச் சொன்னதுல நீதானேய்யா மொத ஆளு?"

"சொன்னேன். கட்டர் யார் கையில இருந்துச்சு?"

தோர்னி போனை வைத்தார். ரெய்யோ சொன்ன வழி சுலபமானது, சத்தியமாக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பொய்த் துருவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தன் அம்மாவை நினைத்து அழுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அதை நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. செய்தியின் அடியில் இருந்த குன்வோரின் எண்ணை அழுத்தினார்.

"கைப்பிடி இல்லீங்க. நான்தான் அறுத்துத் தூக்கிப் போட்டேன்."



"யாரைக் கேட்டு?"

"இன்டர்நெட்ல கேட்டேன்."

"எங்கப்பா பேரு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஃபைல்ல இருக்கு."

"சரி," என்றார் குன்வோர். "இருந்தாலும் வர்றேன்."

சனிக்கிழமை காலை வந்தார். அறுபதைத் தாண்டியவர், வெட்டிவிட்ட நரைமுடி. காபி வேண்டாம் என்றார். அவர்கள் வாழும் ஸ்மோலண்ட் பக்கத்தில் காபியை மறுத்தால் முகத்தில் அறைந்த மாதிரிதான். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, தரையில் வழவழவென்று இருந்த பச்சையைத் தடவிப் பார்த்தார்.

"அழகா இருக்கு. கடையிலேர்ந்து வந்த அன்னிக்கு இப்படித்தான் இருந்துச்சு."

தோர்னிக்குப் போன உயிர் கொஞ்சம் திரும்பியது. "அதுக்குத்தாங்க இவ்வளவு பாடு. அத்தனையும் ஒரிஜினல்."

"ஆமா. அன்னிக்கு அம்மா இதுல ஏறி உக்காந்தாங்க. கிளட்சை மிதிக்க முடியல. ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்க, எறங்கவே இல்ல. எனக்கு ஆறு வயசு, ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்தேன்." குன்வோர் கிளட்ச் மிதியில் வைத்திருந்த காலை எடுத்தார். "அந்த நாளைத்தான் நீங்க அப்படியே திருப்பிக் கொண்டாந்திருக்கீங்க."

நாலு வருட உழைப்பும் ஒரே வாக்கியத்தில் சரிந்தது.  தோர்னிக்கு வெட்கத்தில் காது சுட்டது. கொட்டகையின் மூலைக்குப் போய் டிரில்லையும் ஒரு இரும்புக் கம்பியையும் எடுத்து வந்தார்.

"அது இனிமே வராதுங்க. புதுசா ஒண்ணு அடிக்கிறேன். பாத்தா புதுசுன்னு தெரியும், மறைக்க மாட்டேன். நீங்க வேண்டாம்னா விட்டுடறேன்."

குன்வோர் டிரில்லைப் பார்த்தார், பச்சைப் பெயின்ட்டைப் பார்த்தார். காரை விட்டு இறங்கவில்லை.

தோர்னி மண்டியிட்டு, கம்பியைத் தரையில் நிறுத்தி, தன் கைக்கு வாகான உயரத்தில் பிடித்தார்.

"இவ்வளவு உசரம் இருக்குமா?"

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் குன்வோர். "அம்மா குள்ளம்."