கேள்வி நேரம் கடைசியில்

"சாகக் கிடக்கிற ஒரு அப்பா இப்படிப் பக்கம் பக்கமாப் பேசுவாரா? யாருங்க அப்படிச் சாகறாங்க?" என்று அவள் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. தோள் உயரம் வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

அவளுடைய கணவரின் கை.

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நாவலை நன்றாக அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தாளனின் முகம் சுண்டிப்போயிருந்தது. கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. இந்த நேரத்தில் இந்த மனிதருக்கு என்ன வந்தது? வண்டிச் சாவியைத் தொலைத்திருப்பார், இல்லாவிட்டால் வெளியே போய் டீ குடிக்கட்டுமா என்று கேட்பார்.

"அங்க பாருங்க, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எங்க வீட்டுக்காரருக்கு இலக்கியத்துல ஒரு சந்தேகம் வந்திருக்கு," என்றாள். "சார், கேள்வி நேரம் கடைசியில. அதுவரைக்கும் வழக்கம்போலத் தூங்குங்க."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. எழுத்தாளனும் சிரித்தான், பாவம், அவனுக்கு அது தேவைப்பட்டது. அவரும் சிரித்தார். கையை இறக்கினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஊரில் எழுதுகிற ஆட்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். எந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கம் தாண்டியதில்லை. ஆனால் அவள் பேசப் போகிற கூட்டத்துக்கெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவார், கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்து தூங்குவார். 'கடைசி வரிசை' என்றே அவருக்குப் பேர் வைத்திருந்தார்கள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட எழுத்தாளர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் அவர்தான் டீ வாங்கிக் கொடுப்பார். "உங்க புக்க நான் படிக்கலை தம்பி. ஆனா ரெண்டு நாளா வீட்ல திட்டிக்கிட்டே இருந்தா. ஒண்ணுமில்லாத புக்குன்னா அவ வாயே தொறக்க மாட்டா," என்பார். அழ வந்தவன் சிரித்துக்கொண்டு போவான்.

அவள் தொடர்ந்து பேசினாள். கேள்வி நேரம் வந்தது. யார் யாரோ கேட்டார்கள், அவள் ஒவ்வொன்றுக்கும் வளைத்து வளைத்துப் பதில் சொன்னாள். நன்றியுரை முடிந்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டு வந்த ஆள், "அம்மா, சார் இன்னும் எழுந்திரிக்கலை," என்றார்.

"நல்லாக் கத்துங்க. மெதுவாச் சொன்னா அவருக்கு ஏறாது," என்றாள், கையெழுத்து வாங்க வந்தவரின் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

மருத்துவமனையில் பார்த்த டாக்டருக்கு மகள் வயதுதான் இருக்கும். "முன்னாடி ஏதாவது சொன்னாராம்மா? நெஞ்சு வலி, மூச்சு முட்டுது, அந்த மாதிரி? யாரையாவது கூப்பிட்டாரா?"

"தூங்கிட்டார்னு நெனச்சுட்டோம் டாக்டர்," என்றான் கூடவே வந்திருந்த எழுத்தாளன்.

"கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. எழுத்தாளன் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னான். அவர் கையைத் தூக்கினார், அக்கா ஒரு போடு போட்டாங்க, மொத்த ஹாலும் சிரிச்சது, அவரும் சிரிச்சார், அப்படியே கண்ணை மூடிட்டார். ஒவ்வொரு தடவையும் கதை இன்னும் கொஞ்சம் கச்சிதமாயிற்று. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது அந்தக் கையே காணாமல் போய், சிரிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. நாவலிலும் இப்படி வெட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"குடுத்து வச்ச மனுஷன். சிரிச்சுக்கிட்டே போயிட்டார். யாருக்கு வாய்க்கும்?" என்றாள் நாத்தனார்.

அவர் என்னைக் கூப்பிட்டார். இந்த ஒரு வரியை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும். யாரிடம் சொல்வது? வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்கினாள். அழுது ஓய்ந்தபின் மகளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அப்பா கையத் தூக்கினாரே..."

"எல்லாம் கேட்டேம்மா. அத்தை சொன்னாங்க." மகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "ரயில்ல வரும்போது செத்துடலாம்போல இருந்துச்சும்மா. தனியாக் கெடந்தாரோ, வலியில துடிச்சாரோன்னு. அத்தை சொன்னப்புறந்தான் எனக்கு உசிரே வந்துச்சு. உன்னப் பார்த்துச் சிரிச்சிருக்கார் பாரு."

கூட்டத்தைப் பதிவு செய்தவர்கள் அந்த வீடியோத் துண்டை அனுப்பியிருந்தார்கள். மகள் கைபேசியை அவள் முன்னால் நீட்டினாள். முதலில் அவளுடைய குரல், கணீரென்று. எவ்வளவு தெளிவான உச்சரிப்பு! பிறகு சிரிப்பு. படம் பிடித்தவன் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருந்தான். கடைசி வரிசையில் வியர்த்துக் கொட்டிய முகத்தோடு அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டால் கதவருகே வந்து நிற்பார். அவள் நிமிர்ந்து முறைத்தால், தொந்தரவு பண்ணிவிட்டேன் என்று இப்படித்தான் சிரித்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிப் போவார்.

"எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாரும்மா," என்றாள் மகள். "நீ ஏதோ சொல்ல வந்தியே, என்ன?"

அவள் மகளின் வீங்கிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. காலையிலிருந்து நீ ஒண்ணும் சாப்பிடலையே."

"எல்லாரும் கேக்கறாங்கம்மா. இத அனுப்பட்டுமா?"

"அனுப்பு," என்றாள்.

மகள் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் யாருடைய கைபேசியிலோ அது ஓடத் தொடங்கியது. கேள்வி நேரம் கடைசியில. சிரிப்பு. அது முடிவதற்குள் சமையலறைப் பக்கம் இன்னொன்று, வாசலில் இன்னொன்று. வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் மகள் திறந்துவைத்துவிட்டுப் போன கதவைச் சாத்தினாள்.